கெலமங்கலத்துக்கு ஒண்ணு

ஒன்றாம் தேதி பலகை வந்தது.
'ரயில் பயணிகளின் வாகனங்களுக்கு மட்டும்.'
அதில் 'மட்டும்' மட்டும் சிவப்பு.

ஓசூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில்
தகரக் கூரைக்குக் கீழே முந்நூற்றுப் பத்து வண்டி நிற்கும்.
வருவது நானூறு.
மிச்சம் தொண்ணூறுக்கும் பதில் சொல்கிறவன் நான்,
திம்மராயன், சீட்டுக் கிழிப்பவன்.
சுண்ணாம்புக் கோடு போட்டதும் நான்தான்,
கோட்டைத் தாண்டிய சக்கரத்தை உள்ளே தள்ளுவதும்.

"ரயில் ஏறாத வண்டிக்கெல்லாம் நிழல்,
என் வண்டி வெயிலில். இது எந்த ஊர் நியாயம்?"
சீசன் டிக்கெட் முரளீதர ராவ்,
பதினேழு வருஷமாய்ப் பெங்களூர்.
எந்த வண்டியும் ரயில் ஏறுவதில்லை சார்
என்று சொல்லியிருக்கலாம்.
அவருக்கு ஆறு பத்துக்கு ரயில்.

அவர் கை நீட்டிய திசையில்
ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள் நாகவேணி.
பாகலூருக்கு அப்பால் ஏதோ ஒரு ஊர்.
கம்பெனி பஸ் அங்கே போகாது.
ஐந்தே முக்காலுக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கும்,
இரண்டு நிமிஷம்.
செல்போனுக்குள் எதையோ ஒட்டுகிற வேலை,
ஒட்டுவதன் பெயர் அவளுக்குத் தெரியாது.
அவளைப் போல அறுபது பேருக்கு மேல்.

"நாங்க துட்டு குடுக்கலையாண்ணா?"
கொடுக்கிறார்கள். என் கையில்தான்.
"பஸ்ஸுல போனா அது பயணம் இல்லியா?"
பலகையைப் பார்த்தேன்.
அது ஒன்றும் மாற்றிச் சொல்லவில்லை.

சக்ரியா பாயின் மொபெட் வேறு.
ரோஜாக் கட்டை ரயிலில் ஏற்றிவிட்டு
அவர் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார்.
பூ பயணி. பாய் இல்லை.
இதற்கு என்ன சீட்டு கிழிப்பது?

காண்ட்ராக்டர் போனில் சொன்னார்:
"டிக்கெட் காட்டினா உள்ள விடு. பிளாட்பார டிக்கெட் செல்லாது."

மறுநாள் விடியுமுன் ஜன்னலில் வரிசை.
"கெலமங்கலத்துக்கு ஒண்ணு."
"கெலமங்கலத்துக்கு ஒண்ணு."
பத்துப் பத்து ரூபாயாய் அறுபத்து நாலு.
டிக்கெட் கொடுப்பவர் எழுந்து எட்டிப் பார்த்தார்,
கெலமங்கலத்தில் என்ன திருவிழா என்று.
அன்று அங்கே இறங்கியது
ஒரு கோழிக்கூடையும் அதன் சொந்தக்காரரும்.

ராவ் விடுகிற ஆளில்லை.
ஒரு டிக்கெட்டை வாங்கி
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"மூணு மணி நேரந்தான் செல்லும்.
எட்டரைக்கு மேல இந்த வண்டி யாரோடது?"

எட்டரைக்கு நான் போய்ப் பார்த்தேன்.
நாகவேணியின் ஸ்கூட்டி.
கண்ணாடியில் மாட்டிய மஞ்சள் கிளிப்,
சீட்டில் சுருண்ட பூனை.
எட்டு முப்பத்தொன்று ஆயிற்று.
பூனை புரண்டு படுத்தது.

அந்த வாரம் ஒன்பது வண்டியில் காற்று இல்லை.
பிடுங்கியது யார் என்று நான் பார்க்கவில்லை.
பார்த்தேன்.
சொல்லவில்லை.
மாசம் முடிந்தால் அவரும் துட்டு கொடுக்கிறவர்.
பம்பை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வந்து வைத்தேன்.

அப்புறம் ஒருநாள், பாதையில் வேலை,
ஆறு பத்து ரத்து.
ராவ் வண்டியை நிழலில் வைத்துவிட்டு
பஸ் பிடித்துப் பெங்களூர் போனார்.
இரவு எட்டு மணிக்குத் திரும்பினார், பஸ்ஸில்தான்.
ஓவர்டைம் முடித்து அவர்களும் வந்து இறங்கினார்கள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
நாகவேணி பர்ஸில் தேடி
காலையில் வாங்கியதை எடுத்து நீட்டினாள்.
"வெச்சுக்கோங்க சார். கெலமங்கலம்."

யாரோ சிரித்தார்கள்.
அவர் வாங்கவில்லை.
கை மட்டும் சட்டைப்பைக்குப் போய்
சீசன் டிக்கெட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது.
வண்டியைக் கிளப்பும்போது
காலால் எதையோ தள்ளிவிட்டார், மெதுவாக.
என் பம்ப்.

பதினோரு மணிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன்.
என் டிவிஎஸ் வெளியே, புங்க மரத்தடியில்,
அபராதச் சீட்டு செருகியபடி நிற்கிறது.
உள்ளே வைக்க எனக்கு டிக்கெட் இல்லை.
நான் எங்கேயும் போவதில்லை.